மூன்று மணிவரை நிழல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ, அத்தான், உன் மாமியார் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் ஆபீசுக்கு வந்த அன்று ஒரே வேடிக்கை. எங்கள் ஆபீசில் கணினி நிரல் எழுதும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்கக் கொட்டாவி விடுவதால் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கோர்ட் நோட்டீசா?" என்றார். "எங்க அக்கா எழுதியிருக்காங்க" என்றேன். "உயிரோட இருக்கிறவங்க இன்னுமா லெட்டர் எழுதறாங்க!" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எனக்கும் முதலில் புரியவில்லை. மதிய இடைவேளையில் உன் பக்கத்து மேசைக்காரியின் போனில்தானே கூப்பிடுவாய்? அவள் வேறு பிரிவுக்குப் போய்விட்டாள், வீட்டிலிருக்கும் ஒரே போன் அத்தானோடு வண்டியில் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறாய். சரி. எனக்கும் போனைவிடத் தாள்தான் வசதி. போனில் பேசினால் பாதி வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெட்டியிலிருந்து எடுத்துக் கப்பல் செய்கிறார்கள், தபால் நிலையத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாய். என் எழுத்து மிதக்குமளவுக்கு லேசானது இல்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்.

ஒரு செய்தி. எனக்கு முதல் முறையாகத் தனியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இங்கே நகரத்துக்கு நடுவில் ஒரு பூங்கா இருக்கிறது. அதை நடத்துவது அரசு இல்லை, லாபம் பார்க்காத ஓர் அறக்கட்டளை. அவர்களுடைய பழைய இணையதளத்தைப் புதிதாக மாற்றித் தர வேண்டும். அதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். முகப்பில் வற்றிப்போன நீரூற்றின் படம், "புதிய செய்தி" என்று மின்னும் எழுத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய செய்தி.

என் ஆறு மாதத் தற்காலிகம் ஜூனோடு முடிகிறது. இந்தத் தளம் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். நன்றாக வராவிட்டால் என்ன என்று எங்கள் முதலாளி மேடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ பத்தாவதோடு தையல் ஆலைக்குப் போனதால்தான் நான் டிகிரி வாங்கினேன். இந்த வேலையையும் கோட்டைவிட்டால் உன் முகத்தில் விழிக்க முடியாது.

ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது அக்கா. அறக்கட்டளைக் கமிட்டியில் நான்கு பேர். தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், முகப்பில் நிறுவனர் படம்தான் வேண்டும் என்கிறார். செயலாளர் அம்மா தலைமையாசிரியையாக இருந்தவர், பறவைகள் வேண்டும் என்கிறார். பொறியாளர் ஐயாவுக்குப் பூங்காவின் பதினேழு விதிமுறைகள் வேண்டும். பொருளாளர் வாயே திறப்பதில்லை. மேடம் என்னிடம், "முதல்ல இது யாருக்கான வெப்சைட்னு சொல்லு" என்றார். தெரியவில்லை. நீ பூங்காவுக்குப் போனதுண்டா? போனால் அங்கே எதைத் தேடுவாய்?

வருஷப் பிறப்புக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாய். எப்போது வருகிறாய்?

வார்த்தைகளைத் தாளில் மட்டும் கொட்டத் தெரிந்த உன் தங்கை,
பூனை

*

ஜனவரி 24

என் செல்லப் பூனைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அத்தானுக்கு வண்டி ஓட்டி ஓட்டி முதுகு ஆணி அடித்தது போலிருக்கிறதாம். மாமியார் சுகத்துக்கு மேலேயே சுகம். அம்மாவைப் படியில் ஏறவிடாதே, பேச விடு. அவளுக்கு அதுதான் மருந்து.

உன் நான்கு பேரும் பூங்காவைப் பற்றிப் பேசுகிறார்களே, அதில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேள். நிறுவனர் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? விசிறிக்கொள்ளவா?

பூங்காவுக்குப் போகிறவளுக்கு என்ன தெரிய வேண்டும், சொல்கிறேன். எந்தக் குழாயில் தண்ணீர் வரும். கழிவறையைப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டி, கூட்டுகிறவர் சாப்பிட்டு வந்து இரண்டு மணிக்குத் திறப்பார். இது தெரியாமல் போனால் பெண்கள் பாடு என்ன ஆகும், யோசி. பதினோரு மணிக்கு மேல் கிழக்குப் பக்கத்து பெஞ்சு எல்லாம் தோசைக்கல். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு உண்டு, மூன்று மணிவரை நிழல். அங்கே உட்கார்ந்தால் யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. வீட்டில், வேலையில், கடையில், எங்கே நின்றாலும் எதற்கு என்று கேட்கிற உலகத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசா?

மதிய இடைவேளையில் எப்போதாவது அந்தப் பக்கம் போவேன். அதில் தெரிந்துகொண்டது.

பயப்படாதே. நாலாம் வகுப்பில் பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டபோது மேசைக்கடியில் ஒளிந்தவள்தானே நீ? கடைசியில் மேசையோடு சேர்த்துப் பரிசு கொடுத்தார்கள். இதுவும் அப்படித்தான் முடியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலமாக, வழக்கமான சண்டைகளோடு இருக்கிறோம். அத்தானின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் அம்மா. உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தோசைக்கல் பெஞ்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ எழுதியதை வைத்து 'வருவதற்கு முன்' என்று ஒரு பக்கம் வடிவமைத்தேன். குழாய், கழிவறை நேரம், நிழல். மேடம் பார்த்துவிட்டு, "இதாம்மா வெப்சைட்" என்றார். அன்று முழுக்க எனக்குக் காது சூடாகவே இருந்தது.

இன்னொரு காரியமும் செய்தேன். ஒரு பக்கத்தை வரையும்போது உள்ளே போட வேண்டிய எழுத்து கைக்கு வந்திருக்காது. பெட்டி காலியாக இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் ஏதாவது மாதிரி வரிகளைப் போட்டு வைப்போம். கொட்டாவி அண்ணன் 'அஆஇஈ அஆஇஈ' என்று நிரப்புவார். 'பார்வையாளர் சொல்கிறார்' என்ற பெட்டியில் நான் உன் வரிகளைப் போட்டிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டி பெஞ்சிலிருந்து 'கேட்பதில்லை' வரை. பெட்டிக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. உண்மையான பார்வையாளர்களின் சொற்களைச் செயலாளர் அம்மா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் மாற்றிவிடுவேன்.

கமிட்டிக் கூட்டத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பச்சை நிறம் வேண்டும் என்றார் தலைவர். போட்டுக் காட்டினேன். "இது பாசி மாதிரி இருக்கே, இலை மாதிரி பச்சை போடும்மா." "எந்த இலை சார்?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு முக்கால் மணி நேரம் நால்வரும், இல்லை, மூவரும் எந்த இலை என்று விவாதித்தார்கள். பொருளாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று கேட்க மறந்தேன். உனக்கு மதியம் அரை மணிதானே இடைவேளை? கை கழுவக்கூட நேரமில்லை என்று புலம்புவாயே? மூன்று மணிவரை நிழல் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?

எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

இலையின் பச்சை தெரியாத,
பூனை

*

மார்ச் 1

பூனைக்குட்டிக்கு,

எல்லாரும் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஒத்தடம் கொடுத்தேன். "இது முதுகா, இட்லி மாவா?" என்று அத்தான் கத்தினார்.

இடைவேளை நேரத்தை மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

இங்கே பூங்காவில் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் செடிக்குத் தண்ணீர் விடுவார். தன் நிழல்மேலேயே தண்ணீர் பீய்ச்சி, "ஓடு, ஓடு" என்று அதை விரட்டுவார். வயது அறுபதிருக்கும். பத்தரை மணிக்கு ஒரு ஜோடி வந்து சண்டை போடும். அவன் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வருவான். திங்கட்கிழமை மூன்று முறை போனான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறையாகக் குறைந்துவிட்டது. கல்யாணம் நடந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் பேச்சையெல்லாம் எதற்கு அங்கே போட்டாய்? சும்மா வாய்க்கு வந்ததை எழுதினேன். பெரியவர்கள் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிடு. மறக்காதே.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு நாங்கள் இருவரும் நலம். மனத்துக்கு அம்மா மட்டும் நலம். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிக்கப்போவதில்லை.

அந்த வரிகளை நான் எடுக்கவில்லை அக்கா. எடுக்கக் கூடாது என்று இல்லை. போன சனிக்கிழமை தளத்தைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. செயலாளர் அம்மா தர வேண்டிய எழுத்தெல்லாம் அன்று காலை பத்து மணிக்குத்தான் வந்தது. பதினோரு மணிக்குத் திறப்பு. பறவைப் பக்கம், நிறுவனர் பக்கம், விதிமுறைப் பக்கம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். பார்வையாளர் பெட்டிக்கு அவர் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அதில் ஏற்கெனவே எழுத்து இருந்ததால் என் கண்ணுக்கு நிரம்பிய பெட்டியாகவே தெரிந்தது. 'அஆஇஈ' என்றிருந்தால் பார்த்த மாத்திரத்தில் பிடித்திருப்பேன். 'எல்லாம் சரிபார்த்தேன்' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொட்டாவி அண்ணன் பொத்தானை அழுத்தினார்.

யாரும் கவனிக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் கவனித்தார்கள். நிறுவனரை விட்டுவிட்டார்கள், பறவையை விட்டுவிட்டார்கள், உன் வரிகளைத்தான் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். அந்த பெஞ்சு எங்கே என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பூங்காவில் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. காவல்காரர், "காலையிலேர்ந்து இருபது பேரு கேட்டாச்சு. எந்தத் தொட்டின்னு நான் யாரைக் கேக்கறது?" என்று என்னிடமே புலம்பினார்.

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஜூனில் ஆண்டு விழா. அந்தப் பார்வையாளரை மேடைக்கு அழைத்து மாலை போட வேண்டுமாம். மேடம் கேட்டார்: "யாரும்மா அது?" நான் சொன்னேன்: "பேர் சொல்ல விரும்பலைன்னாங்க மேடம்."

பொய் சொல்லிவிட்டேன் அக்கா. வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? எனக்கு எந்த வார்த்தையும் அப்படி வந்ததில்லை. இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெதுவாக, இரண்டு வாரம் கழித்து, வேறு வரிகளை மாற்றிவிட்டால் என்ன? என்ன செய்வது என்று தெரியவில்லை.

குழம்பிப்போன,
பூனை

*

ஏப்ரல் 4

பூனைக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. தபால் நிலையத்து மேசையிலேயே எழுதுகிறேன்.

உடனே போய்ச் சொல். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே சொல். கையெழுத்துப் போட்டது நீ, அதனால் நீதான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து என்று எழுதியிருக்கிறாயே, இரண்டு நாள்கூடத் தள்ளாதே. தள்ளினால் நடுவில் யாராவது ஒருவர் அகப்படுவார். பொத்தானை அழுத்திய அந்த அண்ணன் தலையில் விழும். அப்போது உனக்கு வாய் இன்னும் இறுகிவிடும், திறக்காது. எனக்குத் தெரியும்.

வேலை போனால் போகட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம், நான் நிமிர்ந்து நிற்கிறேன். அங்கே எல்லோரும் சுகந்தானா? உன் கடைசிக் கடிதத்தில் ஒரு நலவிசாரிப்பும் இல்லை, ஒரு கேலியும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது, விஷயத்தைப் பார்த்து அல்ல.

சொல்லிவிட்டேன். நான்கு நாள் தள்ளித்தான் சொன்னேன், உன்னிடம் மறைப்பானேன். மேடம், கமிட்டி எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். பொறியாளர் ஐயா ஒரு வரைபடத்தை விரித்தார்.

"பம்ப் ரூமுக்குப் பின்னாடி இடம் இருக்கு. அங்க ஒரு பெஞ்சைப் போட்டுட்டா வெப்சைட் சொல்றது உண்மையாயிடும்."

"மேல சின்னதா ஒரு டேங்க்கும் வெச்சிடுங்க" என்றார் தலைவர்.

நான் எழுந்து நின்றேன். எழுந்தது எனக்கே நின்ற பிறகுதான் தெரிந்தது. "பெஞ்சு வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"அது நம்ம பார்க்ல இல்ல சார்."

"அது தெரியுதே. அதனாலதானே போடறோம்?"

"அந்த அம்மாவும் நம்ம பார்க்ல இல்ல சார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரி வரி, உன் கடிதம், கையெழுத்து, மேடத்திடம் சொன்ன பொய். செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தலைவர் முகம் பல் பிடுங்கிக்கொண்டவர்போல ஆகிவிட்டது. மேடம் என்னைப் பார்க்கவேயில்லை.

இத்தனை நாளாகப் பேசாத பொருளாளர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப, உங்க அக்கா உட்கார்ந்திருக்கிற பார்க் எது?"

"அவங்க ஊர்ல சார். ஆலைக்குப் பக்கத்துல."

"வேலைக்குப் போறவங்களா? மூணு மணி நிழல் வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காங்களே?"

அதை நான் உன்னிடம்தான் கேட்க வேண்டும் அக்கா. உன் ஆலைக்குப் பக்கத்தில் பூங்கா இருப்பதே உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். பதின்மூன்று வருஷமாக நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

தண்டனையைச் சொல்கிறேன். வரிகளை அன்றே எடுத்தாயிற்று. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போகிறது. அதோடு, பத்து வேலை நாட்கள் நான் பூங்காவிலேயே உட்கார்ந்து, கையில் படிவத்தோடு, உண்மையான பார்வையாளர்களிடம் பேசிச் சொற்களை வாங்கி வர வேண்டும். எட்டுக் கேள்விகள், கமிட்டி எழுதித் தந்தவை. முன்பின் தெரியாத மனிதர்களிடம் போய்ப் பேச வேண்டும். நானா! அதற்கு வேலையைவிட்டே அனுப்பியிருக்கலாம்.

கொட்டாவி அண்ணன் தலையில் எதுவும் விழவில்லை. நடுவில் ஒருவர் அகப்படுவார் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

பதில் எழுது. சின்னதாக ஒரு கேலியாவது சேர்த்து எழுது.

உன்,
பூனை

*

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நான்கு வாரமாயிற்று. அம்மா தினமும் என் பையைப் பார்க்கிறாள். அவள் முழங்கால் தேவலை.

பத்து நாள் பூங்காவில் இருந்தேன். முதல் நாள் ஒருவரிடமும் பேசவில்லை, மரத்துக்கு மரம் நடந்தேன். இரண்டாம் நாள் காவல்காரர் பொறுக்க முடியாமல், "என்னைக் கேளும்மா, நானும் மனுசந்தான்" என்று முதல் படிவத்தை நிரப்பித் தந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் அதிகம் பேசாததால் அவர்கள் அதிகம் பேசினார்கள்.

ஒன்று கவனித்தேன். மாலையில் நடக்க வருகிறவர்கள் வேறு. வேலை நாளில் பகலில் வருகிறவர்கள் வேறு. ஒருவர் காலை ஒன்பது மணிக்குத் தேய்த்த சட்டையோடு வருவார். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைப்பார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் திறப்பார். ஐந்தேகாலுக்கு அட்டையை எடுத்துத் திரும்பக் கழுத்தில் மாட்டி, வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டு போவார். நான் முதலில் அவரை அறக்கட்டளை ஆள் என்றுதான் நினைத்தேன்.

உன் வயதில் ஒரு பெண் வருவாள். கையில் சாப்பாட்டுப் பை. நன்றாகத்தான் பேசினாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று எனக்கே சொல்லித் தந்தாள். ஆறு கேள்விக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். ஏழாவது கேள்வி, 'நீங்கள் எதற்காக இங்கே வருகிறீர்கள்?' அதைப் படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இந்தப் பேப்பர் எங்க போகும்? எங்க வீட்டுக்கு வருமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கொஞ்சம் இருங்க, வரேன்" என்று எழுந்து போனாள். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அவளுக்கென்று இருந்த ஓர் இடத்தையும் நான் பறித்துவிட்டேன் அக்கா. இரண்டு நாளாக வெயிலில் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ. அன்று வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை முதலிலிருந்து வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாவற்றையும் தேதியோடு, நேரத்தோடு படித்தேன்.

அப்புறம் ஏழாவது கேள்வியை அடித்துவிட்டேன். எல்லாப் படிவத்திலும். கமிட்டியில் பெரிய ரகளை. "அதுதாம்மா முக்கியமான கேள்வி!" என்றார் செயலாளர் அம்மா. "இல்ல மேடம். அதைக் கேக்காத இடம்னுதான் அவங்க வராங்க. நாமளே கேட்டா அப்புறம் எங்க போவாங்க?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பொருளாளர், "எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டார்கள்.

உனக்கும் ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பூங்கா வேறுதான், இருந்தாலும். பிடித்தால் நிரப்பு, பிடிக்காவிட்டால் மாமியாருக்கு விசிறியாகக் கொடு. எனக்கு அவசரம் இல்லை. எப்போது வருகிறாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

உன்,
பூனை

*

மே 30

பூனைக்கு,

நாங்கள் நலம். தாள் கிடைத்தது. அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ கமிட்டியில் சத்தமாகப் பேசியதை இரண்டு முறை படித்தேன், அது நீதானா என்று.

எட்டுக் கேள்வி என்று முதலில் எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன். ஏழுதான் இருக்கிறது.

பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 13

[பூங்கா அறக்கட்டளையின் அச்சிட்ட படிவம். பதில்கள் நீல மையில்.]

1. எந்தெந்த நாட்களில் வருகிறீர்கள்?
ஞாயிறு தவிர எல்லா நாளும்.

2. எந்த நேரத்தில்?
காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை. ஆலைச் சங்கு இங்கே கேட்கும். அதற்குப் பிறகு கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும்.

3. எந்த வாசல் வழியாக?
பின்வாசல். முன்வாசலில் அத்தான் வண்டி போகும் சாலை.

4. பூங்காவில் எது பிடிக்கும்?
தன் நிழலை விரட்டும் தோட்டக்காரர். ஆறு மாதத்தில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கிறார். "பெஞ்சு ஈரம், தள்ளி உட்காரும்மா."

5. எது குறை?
மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. இரண்டு முறை நனைந்துகொண்டு போனேன். ஆலை வண்டி ஏன் கொண்டுவந்து விடவில்லை என்று மாமியார் கேட்டார்.

6. என்ன மாற்றம் வேண்டும்?
கழிவறைப் பூட்டு.

7. மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?
மாட்டேன். என்னைப்போல வர வேண்டிய நிலைமை அவர்களுக்கு வேண்டாம்.

[படிவம் இங்கே முடிகிறது. கீழே, கையால்:]

8. எதற்காக வருகிறீர்கள்?

நீ கேட்கவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

போன நவம்பரில் ஒரு பெட்டிச் சட்டைகளைப் பிரித்துப் பார்க்காமலே சரி என்று கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு மேசையில் நிறையக் குவிந்திருந்தது, நூறாவது பெட்டியோ என்னவோ. அந்தப் பெட்டி முழுக்க பாக்கெட்டை வலது பக்கம் வைத்துத் தைத்திருந்தது. திரும்பி வந்துவிட்டது. தைத்த பெண்ணை நிற்க வைத்துக் கேட்டார்கள். உன்னைவிடச் சின்னப் பெண். அவளுக்குக் கொடுத்த மாதிரிச் சட்டையே தப்பு, அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அழுதாள். நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன். தைத்ததைச் சரிபார்க்கிறவள் நான். கையெழுத்து என்னுடையது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை, என்னையும் அனுப்பினார்கள்.

வேலை போனதைக்கூட வீட்டில் சொல்லியிருப்பேன், பூனை. "ஏன் போச்சு?" என்று அத்தான் கேட்பார். அதற்குத்தான் வாய் வரவில்லை. ஒரு நாள் தள்ளினேன், மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கிளம்பிவிட்டேன். ஆலையில் கணக்கு முடித்துத் தந்த பணத்தை மாதாமாதம் சம்பளம்போல வீட்டில் கொடுத்து வந்தேன். இந்த மாதத்தோடு அது தீர்ந்தது.

அந்தப் பெண்ணின் வீடு எனக்குத் தெரியும். நேற்று போனேன். வாசலில் நின்று சொன்னேன். அவள் கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே வா என்று சொல்லவுமில்லை. கேட்டுக்கொண்டாள். அது போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

இதை அம்மாவுக்கு வாசி. எதையும் விட்டுவிடாமல் வாசி.

நான்கு மணிக்குப் பெட்டியிலிருந்து தபால் எடுப்பார்கள். இப்போது மூன்றே முக்கால். அத்தான் இன்று சீக்கிரமே வண்டியை விட்டுவிட்டு வீட்டில் முதுகைச் சாய்த்திருப்பார். உனக்கு எழுதியது பெட்டிக்குள் விழுந்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன். இன்றைக்குச் சங்கு ஊதும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை.

அக்கா